முதல் சம்பளத்திலிருந்தே முதுமைக்குச் சேமிக்க: மட்டக்களப்பு, அம்பாறை இளையவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொழில் அலுவலகத்தின் கவுண்டரில் இருந்த அக்கா கணினியை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "தம்பி, உங்கட பேரில பதினொரு மாதம்தான் கட்டியிருக்கு."

அந்த இடத்தில் நான் மூன்று வருடம் வேலை செய்திருந்தேன். முப்பத்தாறு மாதமும் சேமலாப நிதிக்கென்று சம்பளத்தில் எட்டு சதவீதம் வெட்டினார்கள். சம்பளச் சிட்டையில் அதை அச்சடித்தும் தந்தார்கள். வெட்டிய காசு போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. முதுமைக்குச் சேமிப்பதைப் பற்றி முதன்முதலாக யோசித்தது அன்றைக்கு, கல்லடிப் பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போதுதான்.

அதனால் இந்த வழிகாட்டியை "எதில் முதலீடு செய்யலாம்" என்று நான் தொடங்கப்போவதில்லை. உங்கள் பெயரில் ஏற்கெனவே சேரவேண்டிய பணம் ஒழுங்காகச் சேர்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

படி 1: சம்பளச் சிட்டையை வாசியுங்கள்

தனியார் துறையில் யாரிடம் வேலை செய்தாலும், கடையோ ஹோட்டலோ கார்மென்டோ அரிசி ஆலையோ, ஊழியர் சேமலாப நிதியம் கட்டாயம். நாம் எல்லோரும் ஈபிஎப் என்று சொல்வது இதைத்தான். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அது. உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி தன் பங்காக 12 சதவீதம் போடவேண்டும். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம், அதாவது ஈடிஎப். அது 1980ஆம் ஆண்டுச் சட்டம். 3 சதவீதம், முழுவதும் முதலாளியின் காசு, உங்களிடம் ஒரு சதமும் பிடிக்கக் கூடாது.

மாதம் 40,000 ரூபாய் சம்பளம் என்று வையுங்கள். உங்கள் பங்கு 3,200, முதலாளியின் பங்கு 4,800. ஈபிஎப் கணக்கில் மாதம் 8,000 விழவேண்டும். ஈடிஎப்புக்குத் தனியாக 1,200. "என்னால் சேமிக்கவே முடியாது" என்று சொல்கிற பிள்ளையின் பெயரில் மாதம் 9,200 ரூபாய் சேரவேண்டியிருக்கிறது. சேர்கிறதா?

சிட்டையில் இரண்டு இடத்தைக் கவனியுங்கள். ஒன்று, ஈபிஎப் எந்தத் தொகைக்குக் கணக்கிடப்பட்டிருக்கிறது என்பது. அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாகக் காட்டி மிச்சத்தை வேறு வேறு பெயரில் தருகிற இடங்கள் உண்டு. வாழ்க்கைச் செலவுப்படி, சாப்பாட்டுப் படி, கொமிஷன், துண்டுக் கணக்கு வேலைக்கான கூலி எல்லாம் ஈபிஎப் கணக்கில் சேரவேண்டியவை. ஓவர்டைம் சேராது. மற்றது, உங்கள் அங்கத்துவ இலக்கம். அது சிட்டையில் இல்லையென்றால் அன்றைக்கே கேட்டு எழுதி வாங்குங்கள்.

"நீங்கள் இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறீர்கள், ஆறு மாதம் கழித்துத்தான் ஈபிஎப்" என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரித்து இருக்கிறது. தகுதிகாண் காலம், தற்காலிகம், நாட்கூலி எதுவும் விலக்கு இல்லை.

படி 2: காசு உண்மையிலேயே போகிறதா என்று பாருங்கள்

இதுதான் நான் மூன்று வருடம் செய்யாமல் விட்டது. ஈபிஎப் பணத்தை வைத்து நிர்வகிப்பது மத்திய வங்கி. சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழில் திணைக்களம். கணக்கு மீதியை இணையத்திலும் குறுஞ்செய்தியிலும் பார்க்க மத்திய வங்கி வசதி வைத்திருக்கிறது. ஆனால் முதலில் பதிவுசெய்ய வேண்டும். தேசிய அடையாள அட்டை, அங்கத்துவ இலக்கம், முதலாளியின் இலக்கம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு லீவு நாளில் முடித்துவிடுங்கள்.

ஒரு மாதத்துக்கான பணத்தை அடுத்த மாதம் முடிவதற்குள் முதலாளி கட்டவேண்டும். அதனால் ஜனவரிச் சம்பளத்தின் பங்கை மார்ச் பிறந்தபிறகு தேடுங்கள், அதற்கு முன் காணவில்லை என்று பதறவேண்டாம்.

காணவில்லை என்றால்? முதலில் கணக்குப் பகுதியில் மரியாதையாகக் கேளுங்கள், பல நேரம் அடையாள அட்டை இலக்கத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கும். பழைய இலக்கம், புதிய பன்னிரண்டு இலக்க அட்டை என்ற குழப்பமும் உண்டு. அதிலும் சரிவராவிட்டால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். கட்டாத முதலாளியை நீதவான் நீதிமன்றம் வரை கொண்டுபோகிற அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. என் விடயத்தில் நீதிமன்றம் வரை போகவில்லை. விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் போன பிறகு, எட்டு மாதத்தில், தவணை தவணையாக வந்து சேர்ந்தது. என்னைக் காப்பாற்றியது முப்பத்தாறு சம்பளச் சிட்டைகள். அம்மா அவற்றைப் பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைத்திருந்தார். நானாக இருந்தால் எறிந்திருப்பேன்.

வேலை மாறும்போது புதிய இடத்தில் புதிய இலக்கம் வரும். பழையதை மறந்துவிடாதீர்கள், எல்லா இலக்கத்தையும் ஓர் இடத்தில் எழுதி வையுங்கள். அப்புறம், பின்னுரித்தாளியாக, அதாவது நீங்கள் இல்லாமல் போனால் காசைப் பெறுகிறவராக, யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கலியாணம் ஆனதும் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

படி 3: எடுக்காமல் விடுங்கள்

நம் ஊரில் தனியார் வேலை என்றாலே "அரச உத்தியோகம் கிடைக்கும்வரை சும்மா" என்றொரு எண்ணம். பட்டம் முடித்தவர்கள் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, முன்னால் வரிசையில் நின்ற காலத்தின் மிச்சம் அது. சும்மா செய்கிற வேலையின் ஈபிஎப்பும் சும்மா வந்த காசு போலத் தெரியும். எப்போது எடுக்கலாம் என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

சட்டப்படி ஆண் 55, பெண் 50 வயதைக் கடந்து வேலையை விட்டபின் முழுவதையும் எடுக்கலாம். தனியார் துறையில் ஓய்வு பெறும் வயது 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் 60 ஆகியிருக்கிறது, ஈபிஎப் வயது அப்படியே நிற்கிறது. இடையில் எடுக்கச் சில வழிகள் உண்டு: ஓய்வூதியமுள்ள அரச வேலை கிடைத்தால், நிரந்தரமாக வெளிநாடு குடியேறினால், நிரந்தர இயலாமை ஏற்பட்டால். பெண் என்றால் கலியாணத்துக்காக வேலையை விடும்போது.

இந்தக் கடைசி வழியில்தான் நம் கார்மென்ட் பிள்ளைகளின் காசு கரைகிறது. இருபது வயதில் சேர்ந்து ஐந்து வருடம் மாதம் 8,000 விழுந்திருந்தால், வட்டியே இல்லாமல் 4,80,000. கலியாண வீட்டுப் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் அது ஒரே வாரத்தில் போய்விடும். அதே தொகை 8 சதவீதத்தில் கணக்கிலேயே கிடந்தால், அவள் ஐம்பதைத் தொடும்போது 32 இலட்சத்தைத் தாண்டும். எடுக்க உரிமை இருக்கிறது, எடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை. மகளிடம் இதைச் சொல்கிற தாய்மாரை நான் இன்னும் அதிகம் காணவில்லை.

ஈபிஎப் வட்டி 2023க்கு 13 சதவீதம், 2024க்கு 11 சதவீதம். எல்லா வருடமும் அப்படிக் கிடைக்காது. 2022இல் 9 சதவீதம்தான், அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டப் பார்த்தது. மரக்கறி வாங்கப் போன யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

ஈடிஎப்பை வேலை மாறும்போது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, எடுக்கலாம். எடுத்தால் அப்படியே படி 6இல் சொல்கிற கணக்குக்கு மாற்றுங்கள். உயிரோடு இருக்கிற அங்கத்தவருக்கு இருதய சத்திரசிகிச்சை, கண் வில்லை, பிள்ளையின் 5ஆம் தரப் புலமைப்பரிசில் என்று சில உதவிகளும் அந்த நிதியத்தில் உண்டு. கேட்பவர்கள் குறைவு.

வேலையை விடுவதற்கு முன் இன்னொரு கணக்கு. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகத் தரவேண்டும். இது 1983ஆம் ஆண்டுச் சட்டம். 40,000 சம்பளத்தில் ஐந்து வருடத்துக்கு ஒரு இலட்சம். நாலு வருடம் பத்து மாதத்தில் கோபித்துக்கொண்டு கடிதம் கொடுத்த ஒரு கூட்டாளி எனக்கு இருக்கிறான். கோபம் இரண்டு மாதம் பொறுத்திருக்கலாம்.

படி 4: அக்காவின் வீடும் உங்கள் முதுமையும்

இதை மற்ற மாவட்டத்துக்காரர் எழுதிய வழிகாட்டிகளில் காணமாட்டீர்கள். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தமிழர் என்றாலும் முஸ்லிம்கள் என்றாலும், காத்தான்குடி என்றாலும் களுவாஞ்சிகுடி என்றாலும் தம்பிலுவில் என்றாலும், மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். வீட்டைக் கொடுத்த தாய் தகப்பன் அதே வளவின் மூலையில் ஓர் அறையும் குசினியும் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். தம்பிமாரின் உழைப்பும் அக்கா தங்கையின் சுவருக்குள்ளேதான் போகும்.

என் அப்பா அரிசி ஆலையில் இருபத்திரண்டு வருடம் மூட்டை தூக்கியவர். அவருடைய ஈபிஎப் இப்போது அக்காவின் வீட்டுக் கூரை. மழைக்கு ஒழுகாத நல்ல கூரை. ஆனால் அறுபத்தேழு வயதில் அவர் வாசலில் வந்து நின்று, "மனே, வெத்திலைக்கு ஒரு நூறு ரூபா தாவன்" என்று கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பார்.

வழக்கத்தை விடச் சொல்லவில்லை. நானும் தங்கையின் வீட்டுக்குக் கொடுத்தவன்தான். நான் சொல்வது இரண்டு பானை வைக்கச் சொல்லி. ஒன்று வீட்டுப் பானை: காணி, கல், சீமெந்து, கலியாணம் எல்லாம் அதற்குள். மற்றது உங்கள் கிழவயதுப் பானை, அதில் யாருடைய வீட்டுக்கும் கை வைக்கக் கூடாது.

ஈபிஎப்பில் பத்து வருடம் முடித்து, கணக்கில் குறைந்தது 3 இலட்சம் இருந்தால், வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 சதவீதம் வரை எடுக்கலாம், உச்சம் 20 இலட்சம். வீட்டுப் பானைக்கு இந்த 30 சதவீதமே எல்லையாக இருக்கட்டும். மிச்சம் 70 உங்களுடையது. "அவன்ட பேரில காசு கிடக்குதாம்" என்ற கதை வீட்டில் பரவினால் எல்லை நிற்காது என்பதையும் சொல்லிவைக்கிறேன். எவ்வளவு இருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.

படி 5: மாரிகாலக் காசு

கிழவயதுப் பானையைத் திறக்காமல் இருக்க, அதற்கு முன்னால் ஒரு சின்னப் பானை வேண்டும். மாரி வந்தால் நம் பக்கம் எப்படி என்று தெரியும். கார்த்திகை, மார்கழி, தையில் கடலுக்குப் போகமுடியாது, மேசன் வேலை நின்றுவிடும், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பாதை தண்ணீருக்குள் போகும். அந்தக் காலத்துக்கென்று பெரியவர்கள் நெல்லும் விறகும் கருவாடும் சேர்த்து வைத்தார்கள். நாம் மூன்று மாதச் செலவைக் காசாக வைக்கவேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கு போதும், வட்டி எவ்வளவு என்று பார்க்கவேண்டாம், அவசரத்துக்கு எடுக்கமுடியுமா என்பதுதான் முக்கியம்.

அதோடு கடனும். அடகுக் கடையில் நகையும், குழுக் கடன் தவணையும், லீசிங்கில் ஆட்டோவும் இருக்கும்போது 8 சதவீத வட்டிக்குச் சேமிப்பதில் அர்த்தமில்லை. கூடிய வட்டிக் கடனை முதலில் முடியுங்கள். ஈபிஎப் எப்படியும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

படி 6: உங்கள் கையால் ஒரு கணக்கு

இப்போதுதான் தனியாகச் சேமிக்கிற இடத்துக்கு வருகிறோம். சம்பளம் விழுகிற கணக்கு அல்லாமல் வேறொரு வங்கியில் ஒரு கணக்கு, ஏடிஎம் அட்டை வாங்காமல். சம்பள நாளுக்கு மறுநாள் தானாக மாறும்படி வங்கியில் நிலையியற் கட்டளை கொடுத்துவிடுங்கள். மாத முடிவில் மிஞ்சியதைப் போடுவோம் என்று நினைத்தால் மிஞ்சாது.

எவ்வளவு? 22 வயதில் தொடங்கி மாதம் 5,000, வருட வட்டி 8 சதவீதம் என்றால், 60 வயதில் சுமார் 1 கோடியே 32 இலட்சம். அதையே 32 வயதில் தொடங்கினால் 57 இலட்சம். பத்து வருடம் பிந்தியவர் தன் கையால் போட்டது 6 இலட்சம்தான் குறைவு, கிடைப்பதோ பாதிக்கும் குறைவு.

ஒரு கோடி என்றதும் சந்தோஷப்படாதீர்கள். விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால் (மத்திய வங்கியின் இலக்கே அதுதான்), 38 வருடத்தில் எல்லாம் ஆறு மடங்குக்கு மேல் ஏறியிருக்கும். அந்த 1 கோடியே 32 இலட்சம் இன்றைய காசில் சுமார் 21 இலட்சம். இதைப் பார்த்து மனம் விடவும் வேண்டாம். வழி சின்னது: ஒவ்வொரு வருடமும் போடுகிற தொகையையும் 5 சதவீதம் கூட்டுங்கள். இந்த வருடம் 5,000, அடுத்த வருடம் 5,250. அப்படிச் செய்தால் கடைசியில் 2 கோடியே 44 இலட்சம், இன்றைய காசில் 38 இலட்சம். 5,000 முடியாதென்றால் 2,000இல் தொடங்குங்கள். சம்பளம் கூடும் மாதத்தில் தொகையையும் கூட்டுங்கள்.

எங்கே வைப்பது என்பதற்கு என் கருத்து இது. முதல் சில வருடம் நிலையான வைப்பு போதும். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் உண்டு, தபால் கந்தோரிலும் அதன் சேமிப்புக் கணக்கில் போடலாம். படுவான்கரையில் இருப்பவர்களுக்கு அது வசதி. மற்ற வங்கிகளிலும் உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளிலும் ஓர் ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரை காப்புறுதி, அதற்கு மேல் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுங்கள், பிடிக்கமாட்டார்கள். நம்மில் பெரும்பாலோர் இதற்குள்தான்.

வட்டி எடுக்காத முஸ்லிம் சகோதரர்களுக்கு அமானா வங்கியும், மற்ற சில வங்கிகளின் இஸ்லாமியப் பிரிவுகளும் முதாரபா முறையில் இலாபப் பங்குக் கணக்குகள் வைத்திருக்கின்றன.

நிலையான வைப்பில் ஓர் இரண்டு இலட்சம் சேர்ந்தபிறகு திறைசேரி உண்டியல் (அரசாங்கத்துக்குக் குறுகிய காலத்துக்குக் கொடுக்கிற கடன்), யூனிட் ட்ரஸ்ட் (பலருடைய காசைச் சேர்த்து முதலீடு செய்கிற நிதியம்) என்று பார்க்கலாம். 2022 கடைசியில் திறைசேரி உண்டியல் 30 சதவீதத்தை ஒட்டி வட்டி தந்தது. அதைக் கேள்விப்பட்டு இப்போதும் அப்படியே எதிர்பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பங்குச் சந்தை பற்றி நான் பேசுகிற அளவுக்கு ஆள் இல்லை.

தங்கம்? நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் வாங்கும்போதே போய்விடும், அவசரத்துக்கு முதலில் அடகுக்குப் போவதும் அதுதான். கலியாணத்துக்கு வாங்குங்கள், முதுமைக்கு என்று சொல்லி வாங்காதீர்கள். சீட்டு ஒரு வருடத்துக் காரியத்துக்கு நல்லது: குளிர்சாதனப் பெட்டி, கிணறு, பள்ளிக்கூடச் செலவு. முப்பது வருடச் சீட்டுப் பிடிக்கிறவர் எவரும் இல்லை. மாதம் 10 சதவீதம் தருகிறோம், இரண்டு பேரைச் சேர்த்துவிடு என்று வருகிறவனை வாசலோடு அனுப்புங்கள், அவன் உங்கள் மச்சானாக இருந்தாலும். பிரமிட் திட்டம் நடத்துவதும் அதில் ஆள் சேர்ப்பதும் இலங்கையில் குற்றம்.

முதலாளி இல்லாதவர்கள்

மருதமுனையில் தறி வைத்திருப்பவர், வாழைச்சேனையில் படகு வைத்திருப்பவர், சம்மாந்துறையில் வயல் செய்பவர், ஆட்டோ ஓட்டுபவர். இவர்களுக்கு 12 சதவீதம் போட யாரும் இல்லை. விவசாயிகளுக்கு 1987இலும் மீனவர்களுக்கு 1990இலும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. விவசாயிகள் கமநல சேவை நிலையத்தில் விசாரிக்கலாம். மற்ற சுயதொழிலாளருக்குச் சமூகப் பாதுகாப்புச் சபையின் திட்டங்கள் உண்டு, பிரதேச செயலகத்தில் கேளுங்கள். ஈடிஎப்பிலும் சுயதொழிலாளராகச் சேரலாம். சேருங்கள், ஆனால் அந்த ஓய்வூதியத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள், தொகை சின்னது.

மாதாமாதம் போடுகிற யோசனை இவர்களுக்குப் பொருந்தாது. பெரும்போக நெல் விற்றதும் ஒருமுறை, சிறுபோகம் விற்றதும் ஒருமுறை போடுங்கள். ஆலைக்காரர் காசை எண்ணித் தந்த அன்றைக்கே, வீட்டுக்குப் போகும் வழியில் வங்கியில் இறங்கவேண்டும். வீட்டுக்குப் போய்விட்டால் உரக்கடைக் கடனும் உழவு மெஷின்காரரும் வாசலில் நிற்பார்கள்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கும் இதுதான். அங்கே வேலை செய்கிற வருடங்களில் இங்கே ஈபிஎப் ஏறாது. வீட்டுக்கு அனுப்புகிற காசோடு சேர்த்து, உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்கும் ஒரு பங்கு அனுப்புங்கள்.

படி 7: கோப்பும் தைமாதக் கணக்கும்

2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போனபிறகு நம் கரையில் எத்தனையோ பேர் தங்கள் காசைத் தேடி எடுக்கக் கடதாசி இல்லாமல் அலைந்தார்கள். அதனால் ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்குங்கள். நியமனக் கடிதம், எல்லாச் சம்பளச் சிட்டைகள், ஈபிஎப் இலக்கங்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், வைப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் அதற்குள். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.

தைப்பொங்கல் லீவில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி ஈபிஎப் மீதியைப் பாருங்கள், போன வருடத்தோடு ஒப்பிடுங்கள், நிலையியற் கட்டளையின் தொகையைக் கூட்டுங்கள். நான் அதைப் பொங்கல் பானை இறக்கியபிறகு செய்வேன். கோப்பு அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, 2011 ஜனவரி வெள்ளம் சுவரில் விட்டுப்போன கோட்டுக்கு மூன்று அடி மேலே. பக்கத்தில் அம்மாவின் பிஸ்கட் டின்.